சுல்தான் பீவி வளர்த்த கடல்

இதை எழுதுகிறவன் சுல்தான் பீவியை முதன்முதலில் பார்த்தது உத்தமபாளையம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில். 2006, ஆடி மாதம். மேற்கு மலையிலிருந்து இறங்கிய காற்று தெருவில் இருந்த தகரப் பலகைகளையெல்லாம் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தது. விலங்கியலில் பட்டம் வாங்கி, கோம்பையில் தன் வீட்டுச் சுவரில் அதைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, நல்ல வேலை கிடைக்கும்வரை ஆகட்டும் என்று அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தான் ராஜபாண்டி. அவன்தான் இதை எழுதுகிறவன். அவன் வீட்டுக்குள் நுழைந்த முதல் பட்டம் அது. வருகிறவர்களுக்கு மெயில் திறந்து கொடுப்பதும் தேர்வு முடிவு பார்த்துச் சொல்வதும் அவன் வேலை.

கருப்பு புர்கா போட்ட ஒரு பெண், பள்ளிச் சீருடையில் இருந்த மகளோடு உள்ளே வந்தார். எல்லாரையும் போல நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார்.

"தம்பி, கடல் மீனுக்கு அம்மை போட்டுருந்தா என்ன வைத்தியம்னு இதுல பாக்க முடியுமா?"

கடை முதலாளி ஒச்சாண்டி வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "அம்மை போட்ட மீன கொழம்பு வைக்கலாமா கூடாதான்னு அப்படியே பாத்துச் சொல்லிரு ராஜபாண்டி."

"கொழம்புக்குக் கேக்கலண்ணே, வளக்குறதுக்குக் கேக்குறேன்" என்றார் அவர். "உங்க வீட்டுல புள்ளைக்கு அம்மை போட்டா கொழம்பா வைப்பீக?"

ஒச்சாண்டி வெற்றிலையைத் துப்ப வெளியே போனார். ராஜபாண்டிக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. கடல் மீன் எங்கே, உத்தமபாளையம் எங்கே? தொட்டியில் வளர்க்கும் ஏதோ தங்க மீனைத்தான் இந்த அக்கா கடல் மீன் என்கிறார் என்று நினைத்தான். என்ன மீன் என்று பார்த்தால்தான் தேட முடியும் என்றான். "அப்ப வந்து பாருங்க, ரெண்டு தெரு தள்ளித்தான்" என்று அவர் நடந்தார்.

பள்ளிவாசலுக்குப் பின்னால் ஓட்டு வீடு. கூடத்துக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

ஒரு கட்டில் நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி. உள்ளே வெள்ளை மணல், ஊதாவும் பச்சையும் படர்ந்த பாறைகள், பாறைச் சந்தில் மீசையை ஆட்டும் ஒரு சிவப்பு இறால். பாறையின் உச்சியில் நூறு விரல் முளைத்த ஒரு பூ, காற்றே இல்லாத இடத்தில் காற்றில் ஆடுவது போல ஆடிக்கொண்டிருந்தது. அதன் விரல்களுக்குள் ஆரஞ்சும் வெள்ளையுமாக இரண்டு மீன்கள் புகுந்து புகுந்து வெளியே வந்தன. கடல் சாமந்தி. மூன்று வருடப் படிப்பில் அதை அவன் ஒருமுறைதான் பார்த்திருந்தான். கல்லூரி ஆய்வுக்கூடத்தில், பார்மலின் புட்டிக்குள், வேகவைத்த காலிஃபிளவர் போல வெளுத்துக் கிடந்தது. அதற்கு இத்தனை நிறம் உண்டென்றும், தொட்ட மீனையெல்லாம் சுட்டுக் கொல்லும் அந்த விரல்கள் இந்த இரண்டை மட்டும் மடியில் வைத்துக்கொள்ளும் என்றும் எழுதித்தான் மதிப்பெண் வாங்கியிருந்தான். கண்ணால் பார்த்ததில்லை. கடலையே பார்த்ததில்லை. தொட்டிக்கு மேலே ஜன்னல், ஜன்னலுக்கு அப்பால் மலை. மலைக்கு அடியில் கடல்.

"நீங்க கடல் பாத்துருக்கீகளாக்கா?"

"நான் எங்க பாத்தேன். இதுதான் நான் பாத்த கடல்" என்றார் சுல்தான் பீவி.

சுல்தான் பீவி வளர்ந்தது ராயப்பன்பட்டிக்குப் பக்கத்தில், திராட்சைப் பந்தலுக்கு அடியில் என்றே சொல்லலாம். அவருடைய அத்தாவுக்குப் பன்னீர்த் திராட்சைத் தோட்டம். கொடியில் சாம்பல் பூத்தாற்போல் நோய் விழுந்தால் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து அடிப்பார்கள். அந்த நாட்களில் வீட்டில் எல்லார் நகமும் நீலமாக இருக்கும். பத்தாவது முடித்ததும் உசேனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்குத் துபாயில் மீன் கடையில் வேலை என்றார்கள். கருவாட்டு வாடையோடு வருவார் என்று பயந்துகொண்டிருந்தார் பீவி. வந்தவர் அத்தர் மணத்தோடு வந்தார். அது தின்னும் மீன் விற்கிற கடை இல்லை, பெரிய வீடுகளுக்கு வளர்ப்பு மீன் விற்கிற கடை என்று கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

உசேன் விடுமுறைக்கு வருவார், போவார். மகள் சானியா பிறந்தபோது அங்கே இருந்தார், அவள் நடந்தபோது அங்கே இருந்தார், அவள் பள்ளிக்கூடம் சேர்ந்தபோதும் அங்கே இருந்தார். ஒருமுறை வந்தவர், இனிப் போவதில்லை என்று சொல்லித் திராட்சைக் கமிஷன் வியாபாரத்தில் இறங்கினார். கூடவே, கையில் இருந்ததைப் போட்டுக் கூடத்தில் இந்தத் தொட்டியைக் கட்டினார்.

கடல் வந்த நாளை அந்தத் தெரு மறக்காது. தூத்துக்குடியிலிருந்து கருவாடு ஏற்றிவரும் மலைச்சாமியின் லாரியில், கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவில், கேன் கேனாகக் கடல் தண்ணீர் வந்து இறங்கியது. தெருப் பிள்ளைகள் விரலை விட்டு நக்கிப் பார்த்துத் துப்பின. "உப்புக் கரிக்குதுடா, நெசமாவே கடல்தான்" என்று ஒருவன் சாட்சி சொன்னான். "இவ்வளவு தூரம் தண்ணி தூக்கணுமா, ரெண்டு படி கல்லுப்பக் கரைச்சாப் போதாதா?" என்று பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி கேட்டார். உசேன் சிரித்துக்கொண்டே, "கல்லுப்பக் கரைச்சா அது ஊறுகாய் அக்கா, கடல் இல்ல" என்றார். பாறைகளை அடுக்கி, தண்ணீர் பழகட்டும் என்று வாரக்கணக்கில் சும்மா ஓடவிட்டு, பிறகுதான் கொச்சியிலிருந்து ஒவ்வொன்றாக மீன் வந்தது.

அதில் ஒன்றுக்குத்தான் பீவி ஜமீன் என்று பெயர் வைத்தார். உள்ளங்கை அகலம். வெயில் நேரத்து வானம் போல் உடம்பு, கரிபூசிய முகம், முதுகில் மஞ்சள் துடுப்பு. வால் முளைக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கத்தி. சும்மா நீந்தும்போது உறையில் கிடக்கும், கோபம் வந்தால் வெளியே நீளும். காலையில் விளக்குப் போட்டதும் தொட்டியை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை சுற்றிப் பார்வையிட்டு விட்டுத்தான் கீரைக்கு வரும். தன் எல்லையில் யார் நின்றாலும் வாலால் ஒரு வீச்சு. ஆரஞ்சு ஜோடி பூவைவிட்டு வெளியே வராததால் அவற்றோடு மட்டும் தகராறில்லை.

கமிஷன் வியாபாரம் சரிவரவில்லை. மறுபடி விசா வந்தது. புறப்படும் அன்று உசேன் பெட்டியைக் கட்டிவிட்டுத் தொட்டி முன்னால் நின்றார்.

"இங்க பாரு பீவி. அங்க எங்க கடையில ஏசி இருக்கு, மிஷின் இருக்கு, பத்து ஆளு இருக்கோம். அப்படியிருந்தும் சாகுது. இங்கன நீ ஒருத்தி, நான் திரும்பி வர்ற வரைக்கும் இந்தக் கடல உசுரோட வச்சிருந்தீன்னா, இந்த ஊருல இது நடக்கும்னு அர்த்தம். அப்புறம் நான் போகல. இங்கனயே கடை போட்டுருவோம்."

விளையாட்டாகத்தான் சொன்னார். பீவி விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாணமானதிலிருந்து அவர் போகாமல் இருப்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. முதல்முறையாக ஒருவர், அதுவும் அவரே, சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கடல் செத்தால் புருஷன் துபாயில். கடல் பிழைத்தால் வீட்டில். பீவிக்குக் கணக்கு அவ்வளவு தெளிவாக இருந்தது.

அன்றிலிருந்து வெயில் ஏறினால் தண்ணீர் சூடாகாமலிருக்க மேசை விசிறியைத் தொட்டிப் பக்கம் திருப்புவார். சானியா வேர்த்துக்கொண்டு படிப்பாள். "மீனுக்குக் காத்து, எனக்கு வேர்வ. நான் உங்க மகளா, அது மகளா?" என்பாள். தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் உப்பு ஏறும் என்று, பிடித்து வைத்த மழைத் தண்ணீரை ஊற்றுவார். துபாயிலிருந்து போன் வந்தால் உசேன் மகளைக் கேட்பார், பிறகு மீனைக் கேட்பார். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, கொழுந்தன் ரஃபி கொச்சிக்குப் போய்வரும் வரை.

ரஃபி குமுளிக்கும் கொச்சிக்கும் ஜீப் ஓட்டுகிறவர். அண்ணன் இல்லாத வீட்டுக்கு ஏதாவது வாங்கிக்கொடுக்க வேண்டும் என்று, பிளாஸ்டிக் பைக்குள் ஒரு மீனோடு வந்து நின்றார். வெளுத்த உடம்பில் மேலிருந்து கீழாகக் கருப்புக் கோடுகள். "ஜெயிலுக்குப் போனவன் சட்ட மாதிரி இருக்கு" என்று சானியா அதற்குக் கைதி என்று பெயர் வைத்தாள். ஜமீனின் சாதிதான், ஆனால் சாது. ரஃபி பையை அவிழ்த்து நேராகத் தொட்டியில் கவிழ்த்தார்.

ஜமீன் ஒரு கணம் நின்று பார்த்தது. பிறகு கத்தி இரண்டையும் நீட்டிக்கொண்டு பாய்ந்தது. கைதிக்கு ஓட இடமில்லை. கட்டில் நீளக் கடலில் எங்கே ஓடுவது? பொழுது சாய்வதற்குள் அதன் விலா கிழிந்து, மோட்டார் குழாய்க்குப் பின்னால் தலைகீழாக ஒண்டிக்கொண்டது.

"நம்ம வீட்டுப் பெரிய மனுசன் மாதிரியே இருக்காரு மச்சி, புது ஆளக் கண்டா ஆகாது" என்று அண்ணியிடம் சொன்னார் ரஃபி.

"போட்டது நீ, பேச்சு வேற" என்றார் பீவி.

கைதியோடு கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் அந்தப் பையிலிருந்து வந்திருந்தது. அடித்த களைப்பில் ஜமீனும் அடிபட்ட களைப்பில் கைதியும் இருக்க, வெள்ளை வெள்ளையாக ரவையைத் தூவினாற்போல் உடம்பெல்லாம் பொட்டு விழுந்தது. ஜமீன் பாறையில் உடம்பைத் தேய்த்தது, கீரையை மறந்தது. செவுள் படபடவென்று அடித்தது. அன்று சாயங்காலம்தான் பீவி மகளோடு பிரவுசிங் சென்டருக்கு வந்தார்.

ராஜபாண்டி தேடி எடுத்துப் படித்துச் சொன்னது இதுதான். அந்தப் பொட்டு ஒரு ஒட்டுண்ணி. மீனின் தோலுக்கு அடியில் புகுந்து தின்று பெருக்கும். பெருத்ததும் உதிர்ந்து மணலில் விழும். பொட்டு மறைந்துவிட்டதே, நோய் போய்விட்டது என்று வளர்க்கிறவர் சந்தோஷப்படுகிற நேரத்தில், மணலுக்குள் ஓடு கட்டிக்கொண்டு ஒன்று நூறாகப் பிளக்கும். நூறும் ஒருநாள் ஓட்டை உடைத்துக்கொண்டு மீனைத் தேடிக் கிளம்பும். அந்த நேரத்தில் தொட்டியில் ஒரு மீனும் இல்லையென்றால் நூறும் பட்டினியில் சாகும்.

சுல்தான் பீவி அதைக் கேட்டு, அல்லா இவ்வளவு சின்ன உயிருக்கு இவ்வளவு தந்திரம் கொடுத்திருக்கிறானே என்றார். பிறகு, "அப்ப எல்லா மீனையும் வெளிய எடுத்துட்டுக் கடலச் சும்மா போடணும். நெலத்தத் தரிசாப் போடுறாப்ல" என்றார்.

"ஆமாக்கா. ரெண்டு மாசமாவது. வெளிய எடுத்த மீனுக்குச் செம்பு மருந்து. காப்பர் சல்பேட்டுன்னு போட்டுருக்கு."

"மயில்துத்தம்னு சொல்லுங்க. எங்க வீட்டுல மூட்டையா கெடக்கு." அன்றைக்கு முதல்முறையாக அவர் முகம் தெளிந்தது.

"ஒரு சிட்டிகை கூடுனா மீன் போயிரும், குறைஞ்சா ஒட்டுண்ணி போகாது. அப்புறம் இன்னொன்னுக்கா. முதுகெலும்பு இல்லாத எதுக்கும் செம்பு ஆகாது. பெரிய தொட்டியில சொட்டு பட்டாலும் உங்க பூ செத்துரும், அந்தச் செவப்பு எறாலும் செத்துரும்."

பீவி தம்பி தௌபீக்குக்குப் போன் போட்டார். தோட்டத்திலிருந்து இரண்டு பெரிய பிளாஸ்டிக் ட்ரம், திராட்சை அடுக்கும் ஓட்டைக் கூடைகள், மருந்தடிக்கும் குழாயில் வெட்டிய துண்டுகள், ஒரு பொட்டலம் மயில்துத்தம் எல்லாம் வந்து இறங்கின. ஒரு ட்ரம் பின்கட்டில் மீன்களுக்கு ஆஸ்பத்திரி ஆயிற்று. மற்றதில் மலைச்சாமி கொண்டுவரும் கடல் தண்ணீரைச் சேமித்தார்கள். லாரிக்காரருக்குக் கேன்களை உடனே காலி செய்து கொடுக்க வேண்டியிருந்தது. துபாயிலிருந்து உசேன் கொண்டுவந்த பெட்டியில் தண்ணீரில் செம்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் சொட்டுமருந்துப் புட்டி இருந்தது. அதை வைத்துப் பார்த்துப் பார்த்து, கொடிக்கு அடிக்கிற கலவையை நினைத்தால் இது வெறும் நிழல் என்னும் அளவுக்கு, துத்தத்தைக் கரைத்து விட்டார்.

ஆஸ்பத்திரியிலும் ஜமீன் சும்மா இருக்கவில்லை. உடம்பெல்லாம் பொட்டு, மூச்சு வாங்குகிறது, ஆனாலும் கைதியைக் கண்டதும் கத்தியை எடுத்தது. பீவி ஒரு திராட்சைக் கூடையை மேலே மூடி போட்டுக் கட்டி, தண்ணீரில் அமிழ்த்தி, ஜமீனை அதற்குள் பிடித்துப் போட்டார். ஓட்டை வழியாகத் தண்ணீர் போகும், மருந்து போகும், பார்வை போகும், கத்தி போகாது.

"கைதி வெளிய, ஜமீன் உள்ள" என்று சானியா சிரித்தாள்.

பார்த்துக்கொண்டிருந்த ராஜபாண்டிக்குத் தன் வீடு ஞாபகம் வந்தது. "எங்கய்யா கோம்பை நாய் வளக்குறாகக்கா. புது நாயக் கொண்டாந்தா நேரா வீட்டுக்குள்ள விடமாட்டாக. பழசையும் புதுசையும் ஆத்துப் பக்கம் இழுத்துட்டுப் போயிருவாக. அங்கன ரெண்டுக்கும் எடம் கெடையாது. மோந்து பாத்துட்டு ஒண்ணா திரும்பி வரும்."

சுல்தான் பீவி கூடைக்குள் முறைத்துக்கொண்டிருந்த ஜமீனையே பார்த்தார். "ஆத்துக்கு இத எங்கிட்டு இழுத்துட்டுப் போறது" என்று மட்டும் சொன்னார். ஆனால் அந்தப் பேச்சை அவர் விட்டுவிடவில்லை என்று பின்னால் தெரிந்தது.

மருந்து வேலை செய்தது. பொட்டு உதிர்ந்தது, மறுபடி வரவில்லை. ஆரஞ்சு ஜோடி பூ இல்லாமல் ஒரு குழாய்த் துண்டுக்குள் குடித்தனம் பண்ணியது. கூடத்தில் மீனில்லாத கடலில் பூவும் இறாலும் மட்டும் இருந்தன. பீவி அதற்குத் தனிக் குவளை, இதற்குத் தனிக் குவளை வைத்திருந்தார். ஆஸ்பத்திரியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கூடத்துக்குள் வரமாட்டார், சானியாவையும் விடமாட்டார். வாரம் ஒருமுறை சேமிப்பு ட்ரம்மிலிருந்து புதுக் கடல் தண்ணீரைப் பெரிய தொட்டிக்கு மாற்றிவிடுவார்.

ஒரு நாள் காலையில் இறால் மல்லாந்து கிடந்தது. பூ சுருங்கி, வாய் பிளந்து, சளி போல் ஏதோ கக்கிக்கொண்டிருந்தது. மறுநாள் பாறையைவிட்டுக் கழன்று மணலில் விழுந்தது.

பீவி கடைசியாக ஒரு சந்தேகத்தில் பெரிய தொட்டித் தண்ணீரைக் குப்பியில் பிடித்துச் செம்புச் சொட்டை விட்டார். நிறம் மாறியது. ஒரு சிட்டிகைகூட அதில் போடவில்லை, கைபடவில்லை, எங்கிருந்து வந்தது? வீடெல்லாம் தேடினார். பிறகு பின்கட்டுக்குப் போய், சேமிப்பு ட்ரம்மைக் கவிழ்த்து, அலசி, வெறும் மழைத்தண்ணீரை ஊற்றி ஊறவிட்டு அதில் சொட்டை விட்டார். நிறம் மாறியது.

வருடக்கணக்காகத் துத்தம் கரைத்த ட்ரம். புளியும் சாம்பலும் போட்டு அவரே தேய்த்துத் தேய்த்துக் கழுவியதுதான். ஒரு பொட்டு நீலம் கண்ணில் படவில்லை. திராட்சை வீடுகளில் யாருக்கும் அதற்கு மேல் சந்தேகம் வராது. மருந்தடிப்பு முடிந்தால் ட்ரம்மைக் கழுவி வேறு வேலைக்கு எடுத்துக்கொள்வதுதான் வழக்கம்.

"ஏலே தௌபீக்கு, ஒங் கல்யாணத்துக்குப் பிரியாணி அரிசி ஊறப் போட்டது இந்த ட்ரம்லதான?" என்று போனில் கேட்டார்.

"ஆமாக்கா. யாருக்கும் ஒண்ணும் ஆகலியே, ஏன்?"

"நமக்கு முதுகெலும்பு இருக்குலே" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டு அழுதார்.

மலைச்சாமியைக் கெஞ்சிப் புதுத் தண்ணீர் வரவழைத்து, இந்த முறை கேனோடு வைத்துக்கொண்டு, பழைய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார். வடிகட்டியில் கரியைப் போட்டு ஓடவிட்டார். பூ பிழைக்கவில்லை. அதைத் தோட்டத்துக்கு எடுத்துப்போய் ஒரு கொடியின் தூரில் புதைத்தார். போனில் உசேன் கேட்டபோதெல்லாம், "எல்லாம் நல்லாருக்கு" என்றார். குரல் மாறியதா என்று அவரே கேட்டுப் பார்த்துக்கொள்வார். பெருநாளுக்குத்தானே வருகிறார், அதற்குள் கடலை நிரப்பிவிடலாம்.

உசேன் பெருநாளுக்குக் காத்திருக்கவில்லை. நோன்பு பிறக்கும் முன்பே, சொல்லாமல் கொள்ளாமல், ரஃபியின் ஜீப்பில் வந்து இறங்கினார். சானியா பள்ளிக்கூடம் போயிருந்தாள். பீவி அடுப்படியில் இருந்தார். ஜீப் சத்தம் கேட்டு வெளியே வந்தபோது உசேன் கூடத்தில் தொட்டிக்கு முன்னால், செருப்பைக்கூடக் கழற்றாமல், நின்றுகொண்டிருந்தார்.

விளக்கு எரிந்தது. மோட்டார் ஓடியது. மணல், பாறை, தண்ணீர். ஒரு உயிர் இல்லை. பூ இருந்த பாறை மொட்டையாக நின்றது.

உசேன் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. "பரவால்ல பீவி" என்றார். "நீ என்ன செய்வ. நான்தான் ஆகாத வேலய ஒந்தலையில கட்டிட்டுப் போனேன்." சொல்லிவிட்டு, பெட்டியைப் பிரிக்காமல் ஓரமாகத் தள்ளி வைத்தார். அந்தப் பெட்டியைப் பிரிக்காமல் வைத்ததைத்தான் பீவியால் தாங்க முடியவில்லை.

"செருப்பக் கழத்திட்டுப் பின்கட்டுக்கு வாங்க" என்றார்.

பின்கட்டில் ட்ரம்மின் மூடியைத் தூக்கினார். உள்ளே, அழகு என்று சொல்ல ஒன்றுமில்லாத வெறும் பிளாஸ்டிக் கிணற்றில், குழாய்த் துண்டுக்குள்ளிருந்து ஆரஞ்சு ஜோடி எட்டிப் பார்த்தது. கோடுபோட்ட கைதி கிழிந்த விலா ஆறி, தழும்போடு சுற்றிக்கொண்டிருந்தது. திராட்சைக் கூடைக்குள் வான நீலத்தில் ஜமீன், கொழுத்துப்போய், இவர்களைப் பார்த்ததும் கீரை வருகிறதென்று மேலே வந்தது.

உசேன் ட்ரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நிமிர வெகுநேரமாயிற்று. பிறகு, "பூ?" என்று கேட்டார்.

"நான்தான் கொன்னேன். மீனுக்கெல்லாம் வெள்ளைப் பொட்டு விழுந்து இங்கன கொண்டாந்தேன். தண்ணி சேத்த ட்ரம்முல துத்தம் இருந்துச்சு, எனக்குத் தெரியல."

"ஜமீன் மாதிரி பவுடர் ப்ளூவுக்குப் பொட்டு விழுந்து பொழச்சத எங்க கடையில நாலு தரம் பாத்துருந்தாப் பெரிசு" என்றார் உசேன். "நீ இத... கூடைய யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரு சொல்லணும்? நம்ம வீட்டுல கெடக்குற கூடை." பீவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பேச்ச விடுங்க. தரிசு போட்ட காலம் முடிஞ்சிருச்சு. கடல்ல இன்னைக்கு மீன விடணும். அதுக்கு முன்னால அந்தப் பாறை ஒண்ணுவிடாம எடுத்து மாத்தி அடுக்கணும்."

"ஏன், பாறை நல்லாத்தான இருக்கு?"

"நல்லாருக்கு, ஜமீனுக்கு. அவரு எடம் எது, சந்து எது, மூலை எதுன்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சா கைதியக் கொன்னுருவாரு. ஆத்துக்குக் கொண்டுபோக முடியலன்னா வீட்டையே ஆறாக்கிர வேண்டியதுதான்."

உசேனுக்கு ஆற்றுக் கதை விளங்கவில்லை. ஆனாலும் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினார். தகவல் கேட்டு ராஜபாண்டியும் வந்து சேர்ந்தான். இடப்பக்கம் இருந்த குன்றை வலப்பக்கம் கொண்டுபோனார்கள். குகை இருந்த இடம் மேடாயிற்று, மேடு இருந்த இடம் மணலாயிற்று. கலங்கிய தண்ணீர் தெளிந்ததும் முதலில் கைதியை விட்டார்கள். அது ஒவ்வொரு சந்தாக நுழைந்து பார்த்து ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டது. பிறகு ஆரஞ்சு ஜோடி. அவை மொட்டைப் பாறையைக் கொஞ்சம் சுற்றிவிட்டு ஒரு சங்குக்குள் ஒதுங்கின. கடைசியாக, விளக்கை அணைத்துவிட்டு, ஜமீன்.

ஜன்னல் வெளிச்சம் மட்டும் இருந்தது. ஜமீன் தண்ணீரின் நடுவில் நின்றது. இடப்பக்கம் போனது, குகையைத் தேடியது, குகை இல்லை. வலப்பக்கம் திரும்பியது, அங்கே இருந்திருக்க வேண்டிய வெட்டவெளியில் குன்று நின்றது. கைதி அதன் முகத்துக்கு நேராகக் கடந்து போயிற்று. மூன்று பேரும் அதன் வாலையே பார்த்தார்கள். கத்தி வெளியே வரவில்லை. எந்த இடத்துக்காக எடுப்பது என்று அதற்குத் தெரியவில்லை. உலகத்தை முதன்முதலாகப் பார்க்கிற பிள்ளையைப் போல, ஊருக்குப் புதிதாக வந்த ஆளைப் போல, ஓரமாக ஒதுங்கி, மெதுவாக, மரியாதையாகச் சுற்றிவந்தது.

"சுபஹானல்லா" என்றார் உசேன், மெல்ல.

பள்ளிக்கூடம் விட்டு வந்த சானியா, அத்தாவையும் பார்க்காமல் தொட்டியை எட்டிப் பார்த்து, "யாரு வீட்டக் கலைச்சுப் போட்டது?" என்று கேட்டாள். பிறகுதான் அத்தாவைப் பார்த்தாள். பிறகுதான் ஓரத்தில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். "எப்பப் போறீக?" என்று, எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

உசேன் பெட்டியை இழுத்து நடுக்கூடத்தில் போட்டுப் பிரித்தார்.

ஜமீன் பிறகு கைதியை விரட்டாமல் இல்லை. வாரத்தில் இரண்டு முறை விரட்டும், ஆனால் காயம் படாமல், பழக்கத்துக்காக. விரட்டு கூடினால் பீவி ஒரு பாறையை மாற்றி வைப்பார். பிறகு ஒருமுறை மலைச்சாமியின் லாரியில் முன்னால் உட்கார்ந்து புருஷனோடு தூத்துக்குடிக்குப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தார். எப்படி இருந்தது என்று ராஜபாண்டி கேட்டதற்கு, "எம்மாம் பெருசு தம்பி. அடி வாங்குனவன் ஓடிப்போக அல்லா அவ்வளவு எடம் வச்சிருக்கான்" என்றார்.

இப்போது 2010. சுல்தான் பீவியும் உசேனும் உத்தமபாளையத்தில் அதே வீட்டின் முன்கட்டை இடித்து மீன் கடை வைத்திருக்கிறார்கள். கம்பத்தில் ஒரு பல் மருத்துவர் வீட்டிலும் தேனியில் ஒரு நகைக் கடையிலும் உள்ள கடல் தொட்டிகளைப் பீவிதான் வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கிறார். தண்ணீர் கொண்டுவருவது உசேன். எந்தப் புது மீனையும் பின்கட்டில் தனியாக வைத்துப் பார்க்காமல் அவர்கள் விற்பதில்லை. ரஃபி கொண்டுவந்தாலும் அதுதான் சட்டம். சானியா மதுரையில் விலங்கியல் படிக்கிறாள். ஜமீன் இருக்கிறது. பூ மறுபடி வாங்கவில்லை.